குவாங்சௌவில் எங்கள் தெருமுனைக் காய்கறிச் சந்தை: ஒரு மதிப்புரை

சீனாவின் குவாங்சௌ நகரின் ஹாய்சூ வட்டாரத்தில், முத்தாற்றுக்குத் தெற்கே, மின்தூக்கி இல்லாத பழைய எட்டு மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் காய்கறிச் சந்தை ஒன்றுக்கு 2014 முதல் போய்வருகிறேன். ஊரில் இருக்கும் வாரங்களில் நான்கு நாளாவது போகாமல் இருந்ததில்லை. இந்த நகருக்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் வாடகை, பள்ளி, குடியிருப்பு அனுமதி என்று எல்லாவற்றையும் ஆற அமர விசாரித்துவிட்டு, காய்கறிக்கு மட்டும் யாரோ சொன்ன கைபேசிச் செயலியை இறக்கிக்கொண்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். சில மாதங்களுக்கு வந்தவர்களுக்கு அது போதும். ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகிறவர்கள் முதல் வாரத்திலேயே தெருமுனைச் சந்தைக்குப் போய்ப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களோடு, சந்தையின் குறைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். பெயரை நான் குறிப்பிடவில்லை. குவாங்சௌவின் பழைய குடியிருப்புப் பகுதிகள் பெரும்பாலானவற்றில் நடந்து போகும் தொலைவில் இப்படி ஒரு சந்தை இருக்கிறது என்பதால், நான் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

வெளிநாட்டவர் இந்த நாட்டில் ஒரு வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள காவல்நிலையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் இந்தச் சந்தையை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு கட்டடத்தின் தரைத்தளம் முழுவதும் சந்தை. வாயிலருகே பழக்கடைகளும் டோஃபு கடையும் இருக்கும். நடுவில் ஆறு வரிசைக் காய்கறிக் கடைகள். பின்பக்கம் மீனும் இறைச்சியும். தரை எப்போதும் ஈரம். அன்று காலில் போட்டிருந்த தோல்செருப்பை அதற்குப் பிறகு சந்தைக்குப் போட்டுப் போனதில்லை.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுச் சமையலுக்கு இவ்வளவு பொருத்தமான சந்தை சீனாவின் வட நகரங்களில் வாழும் நண்பர்களுக்கு வாய்க்கவில்லை. குவாங்சௌ இருக்கும் குவாங்தொங் மாநிலத்தின் வெப்பமும் மழையும் நம் நாட்டுக் காய்கள் பலவற்றுக்கு ஒத்துப்போகின்றன. பாகற்காய், வெண்டைக்காய், காராமணி, நீளக் கத்தரிக்காய், முள்ளங்கி, சேப்பங்கிழங்கு, தாமரைக்கிழங்கு எல்லாம் கிடைக்கும். பீர்க்கங்காய் என்றால் வரிவரியாக விளிம்பெடுத்த அதே பீர்க்கங்காய். வழவழப்பான தோலுடைய வட சீன வகையைக் குவாங்சௌக்காரர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. சாம்பல் பூசணியை முழுதாக வாங்க வேண்டியதில்லை. கடைக்காரர் அகலக் கத்தியை வைத்து, எத்தனை விரல் அகலம் வேண்டும் என்று கையால் கேட்டு, வட்டமாக அறுத்துக் கொடுப்பார். சின்ன வெங்காயம்கூட உண்டு. குவாங்தொங்கின் கிழக்கிலுள்ள சௌஷான் பகுதிச் சமையலில் அதற்கு நல்ல இடம் இருப்பதால் ஆண்டு முழுவதும் விற்கிறார்கள். மீன் பக்கத்தில் வஞ்சிரத்தின் இனத்தைச் சேர்ந்த மீன் அடிக்கடி வரும்.

கீரைதான் இந்தச் சந்தையின் உயிர். கோடையில் பச்சையும் சிவப்புமாக முளைக்கீரை, வள்ளைக்கீரை, சர்க்கரைவள்ளிக் கொழுந்து; குளிர் தொடங்கியதும் கடுகு இனத்தைச் சேர்ந்த சோய் சம் என்னும் தண்டுக்கீரை. சோய் சம் ஆண்டு முழுவதும் கிடைத்தாலும், மார்கழி, தை மாதங்களில் வருவதன் தண்டில் ஓர் இனிப்பு ஏறியிருக்கும். அதை எங்கள் கடைக்கார அக்காதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தண்டின் அடி நுனியை நகத்தால் கிள்ளிப் பார்த்து, நகம் தடையில்லாமல் இறங்கினால் எடு, நார் தட்டினால் விடு என்று செய்தும் காட்டினார். முளைக்கீரையை இங்கே பூண்டு போட்டு வதக்கியோ, உப்பிட்ட முட்டை சேர்த்து சூப்பாகவோ உண்கிறார்கள். நான் மசித்துப் பருப்போடு சேர்க்கிறேன் என்று சொன்னபோது, கீரையை ஏன் அவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்று அவர் உண்மையாகவே வருந்தினார்.

விலையைப் பற்றிப் பேசுமுன் எடையைச் சொல்லிவிட வேண்டும். எல்லா விலையும் ஜின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும். ஒரு ஜின் என்பது 500 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கான 50 கிராம் ஒரு லியாங். மலேசியத் தமிழர்களுக்குக் காத்தி என்ற பெயரில் பழக்கமான எடையின் உறவுதான் இது, ஆனால் அந்தக் காத்தி ஏறக்குறைய 605 கிராம். ஹாங்காங் சந்தைகளில் இன்றும் அந்தப் பழைய அளவுதான் என்பதால், இரண்டு ஊர் விலையையும் ஒப்பிட்டுப் பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சோய் சம் வழக்கமான நாள்களில் எங்கள் சந்தையில் ஜின் ஐந்து யுவான் அளவில் இருக்கும்; விடாத மழைக்குப் பிறகு இரட்டிப்பாகும். சூறாவளி எச்சரிக்கை வந்தால் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. மாங்குட் சூறாவளி 2018 செப்டம்பர் 16 அன்று குவாங்தொங் கடற்கரையைத் தாக்கியபோது, அதற்கு முந்தைய நாள் மாலையிலேயே கீரை வரிசை துடைத்துவைத்ததுபோல் கிடந்தது. மிஞ்சியிருந்தது இஞ்சியும் ஒரு கூடை பாகற்காயும் மட்டும்.

இனி மொழி. கடைக்காரர்கள் பலர் குவாங்சி, ஹூனான் போன்ற வேறு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். மாண்டரின் எனப்படும் பொதுச்சீனம் தெரிந்தால் வேலை நடந்துவிடும். ஆனால் காய்களின் பெயர்கள் இந்தப் பகுதியின் மொழியான காண்டனீஸில்தான் வழங்குகின்றன, அந்தப் பெயர்களைக் கற்பது தனி இன்பம். பாகற்காய்க்குச் சீனத்தில் 'கசப்புக் காய்' என்று பெயர். கசப்பு என்பது துன்பத்தையும் குறிக்கும் சொல் என்பதால் இங்கே அதைக் 'குளிர்ச்சிக் காய்' என்கிறார்கள். பீர்க்கங்காயின் பெயர் தோல்வி என்னும் சொல்லை நெருங்கி ஒலிப்பதால் அது 'வெற்றிக் காய்' ஆகிவிட்டது. பொதுச்சீனத்தில் வள்ளைக்கீரைக்கு 'உள்ளீடற்ற தண்டுக்கீரை' என்று பொருள்படும் பெயர். வெறுமை வீட்டுக்கு ஆகாது என்று அதை 'வழி திறந்த கீரை' என்று மாற்றியிருக்கிறார்கள். ஈரலைக் குறிக்கும் சொல் வறட்சியைக் குறிக்கும் சொல்லைப்போல ஒலிக்கிறது. காண்டனீஸ் வழக்கில் நீர் என்றால் பணம் என்றும் பொருள் உண்டு, பணம் வற்றுவதை யார் விரும்புவார்கள்? அதனால் இறைச்சிக் கடையில் ஈரலுக்கு 'ஈரம்' என்றே பெயர். சுடுகாட்டை நன்காடு என்று சொல்வதை மங்கலம் என்று பள்ளியில் இலக்கண ஆசிரியர் நடத்தியபோது அது தமிழின் தனிச்சொத்து என்று நினைத்திருந்தேன். ஒரு சந்தை முழுவதும் மங்கல வழக்கில் விலை பேசிக்கொண்டிருப்பதை இங்கு வந்துதான் கண்டேன். பெண்கள் எல்லாரையும் 'லெங் லுய்' என்று, அதாவது அழகி என்று அழைக்கிறார்கள். எழுபது வயதுப் பாட்டிக்கும் அதே அழைப்புதான். விலை கேட்பதற்கு முன்பே அப்படிக் கூப்பிடும் ஊரில் தயங்கி நிற்பது கடினம்.

இந்தச் சந்தையில் எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்ல வேண்டுமானால் அது கொசுறு. காய் வாங்கி முடித்ததும், பணம் செலுத்துவதற்குள், கடைக்காரர் இரண்டு தாள் வெங்காயத்தை எடுத்துப் பாதியாக மடித்துப் பைக்குள் செருகிவிடுவார். மீன் வாங்கியிருப்பது தெரிந்தால் ஒரு துண்டு இஞ்சியும் கொத்தமல்லியும் சேரும். குவாங்தொங் முழுவதும் இந்த வழக்கம் உண்டு. நம் ஊர்க் கடையில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் எப்படியோ, அப்படியேதான் இங்கே தாள் வெங்காயம். ஆனால் எனக்கு முதல் மூன்று மாதம் அது கிடைக்கவில்லை. வேண்டுமென்று யாரும் மறுக்கவில்லை. இந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு அது என்னவென்று தெரியுமா, வேண்டாததைத் திணிப்பதாக எண்ணிவிடுவாளோ என்ற தயக்கம்தான் என்று பின்னால் தெரிந்தது. ஒருநாள் பக்கத்தில் நின்ற பெண்மணியின் பையில் வைப்பதைப் பார்த்து நானே கையை நீட்டினேன். அக்கா வாய்விட்டுச் சிரித்து, மூன்று தாளாக எடுத்து வைத்தார். அன்றிலிருந்து கேட்க வேண்டியிருந்ததில்லை.

எடையில் ஏமாற்று உண்டா என்று எல்லாரும் கேட்கிறார்கள். காய்கறிக் கடைகளில் எனக்கு ஒருமுறைகூட நேர்ந்ததில்லை. பழக்கடை ஒன்றில் நேர்ந்தது. ஜூன் மாதத்தில் குவேய்வெய், நுவோமிச்சி போன்ற நல்ல லிச்சி வகைகள் வரும் பருவத்தில், கிளையும் இலையுமாகக் கட்டிய கொத்தை ஈரக் கூடையோடு எடைபோட்டுக் கொடுத்தார் ஒருவர். கை எடை சந்தேகமாக இருந்ததால் வாயிலருகே உள்ள பொதுத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று ஜின்னுக்கு நான்கு லியாங் குறைந்தது. வாங்கியதை யார் வேண்டுமானாலும் நிறுத்துப் பார்க்கச் சந்தை நிர்வாகமே வைத்திருக்கும் தராசு அது. பக்கத்து அறையில் இருந்த ஊழியர் என்னோடு கடைக்கு நடந்து வந்தார். நான் அரைகுறைச் சீனத்தில் எதையும் விளக்கும் முன்பே குறைந்த எடைக்குப் பழம் வந்துவிட்டது. அந்தத் தராசு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் செலுத்துவது பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கடையிலும் கைபேசியால் பணம் செலுத்த இரண்டு சதுரக் (QR) குறியீட்டு அட்டைகள் தொங்கும், ஒன்று வெளிநாட்டில் வீசாட் எனப்படும் வெய்சின் செயலிக்கு, ஒன்று அலிபே செயலிக்கு. பணம் போய்ச் சேர்ந்ததும் தக்காளிக் கூடைக்குப் பின்னால் இருக்கும் சிறிய ஒலிப்பெட்டி தொகையை உரக்க அறிவிக்கும். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் கடைக்காரர் பையைக் கையில் தருவார் என்றில்லை. பல நேரம் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. வெளிநாட்டு வங்கி அட்டைகளை இந்த இரண்டு செயலிகளிலும் இணைத்துக்கொள்ளும் வசதி 2023 ஜூலையிலிருந்து பரவலாக வந்துவிட்டது. 200 யுவானுக்கு உட்பட்ட ஒரு பரிவர்த்தனைக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3 விழுக்காடு என்ற கணக்கில்தான் அது தொடங்கியது. காய்கறி வாங்கி யாரும் 200 யுவானைத் தாண்டப்போவதில்லை. ரொக்கத்தை மறுப்பது சட்டப்படி தவறு; எங்கள் சந்தையில் யாரும் மறுத்ததும் இல்லை, ஆனால் நூறு யுவான் தாளை நீட்டினால் சில்லறைக்காக மூன்று கடை ஏறி இறங்குவார்கள் என்பதால் சிறு தாள்களாக வைத்திருப்பது நல்லது.

நீண்டகாலம் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் வரும். 2019இல் என் கடவுச்சீட்டைப் புதுப்பித்தேன். புதிய கடவுச்சீட்டுக்குப் புதிய எண். இங்கே வங்கிக் கணக்கு, கைபேசி எண், கட்டணச் செயலி, ரயில் முன்பதிவு எல்லாம் பழைய எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தன. குடியிருப்பு அனுமதியைப் புதிய கடவுச்சீட்டுக்கு மாற்ற அதைக் குடிவரவு அலுவலகத்தில் கொடுத்திருந்ததால், வங்கி கேட்ட மூலப்படி என் கையில் இல்லை. இருந்தது ஓர் ஒப்புகைச் சீட்டு மட்டும். செயலி நின்றுபோனது சந்தையில், பை நிறையக் காயோடு நின்றபோது. தொகை 37.5 யுவான். கையில் பதினோரு யுவான் இருந்தது. காயைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அக்கா தக்காளி வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் ஒரு கீற்றைக் கிழித்து, 'யின்து' என்று என் நாட்டின் சீனப் பெயரை இரண்டு சீன எழுத்தில் எழுதி, அதன் கீழே 37.5 என்று போட்டுத் தராசுக்கு அடியில் செருகிவிட்டு, அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். அடுத்த எட்டு நாளும் போனேன். ஒவ்வொரு நாளும் அதே அட்டைக் கீற்றில் ஒரு புதிய வரி ஏறியது. தாள் வெங்காயம் ஒரு நாளும் குறையவில்லை. பணம் முழுவதையும் செலுத்திய அன்று கீற்றைக் கசக்கிக் கீரைக் கழிவோடு போட்டார். அதை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

2022இன் இறுதியில் கொரோனா தொற்றால் ஹாய்சூ வட்டாரம் பல வாரங்கள் முடக்கப்பட்டிருந்தது. கட்டுப்பாடுகள் தளர்ந்தது நவம்பர் 30 அன்று. எங்கள் சந்தையும் மூடிக்கிடந்தது. கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களை வெய்சின் குழுக்களில் சேர்த்து, அன்றன்று கிடைத்த காய்களின் படத்தைப் போட்டு, குடியிருப்பு வாயில்வரை கொண்டுவந்து தந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த ஒரே வெளிநாட்டு வீடு எங்களுடையது. அதற்கு முந்தைய எட்டாண்டுப் பழக்கம் இல்லாவிட்டால் என்னை அதில் சேர்க்க யாருக்கு நினைவு வந்திருக்கும்?

குறைகள் இருக்கின்றன. மீன் பக்கத்து வடிகால் கோடையில் நாறும்; கட்டடத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் புதுப்பித்தபோதும் அது மட்டும் சரியாகவில்லை. வசந்தத்தின் தொடக்கத்தில் சுவரெல்லாம் வியர்த்து நீர் வடியும் வாரங்களில் காய் சீக்கிரம் அழுகும், அப்போது இரண்டு நாளுக்கு மேல் சேர்த்து வாங்கக் கூடாது. நம் சமையலின் அடிப்படைப் பொருள்கள் சில கிடைக்கவே மாட்டா: துவரம்பருப்பு, உளுந்து, முருங்கைக்காய், கறிவேப்பிலை. பருப்புக்கும் மசாலாவுக்கும் யுவெசியு வட்டாரத்தில் சியாவ்பெய் பக்கம் இருக்கும் வெளிநாட்டுப் பலசரக்குக் கடைகளுக்குப் போகிறேன். கறிவேப்பிலையைப் பால்கனியில் தொட்டியில் வளர்க்கிறேன். இந்தத் தட்பவெப்பத்துக்கு நன்றாகவே வருகிறது. அரிசியில் குறையில்லை. குவாங்சௌவின் சங்செங் பகுதியில் விளையும் சிமியாவ் என்னும் மெல்லிய நீள அரிசி, சோறு வடித்தால் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். நெகிழிப் பைதான் எனக்குத் தீராத வருத்தம்: மெல்லிய பைகளுக்கு 2008 முதல் நாடு முழுவதும் தடை இருந்தும், ஒரு கைப்பிடி மிளகாய்க்கும் தனிப்பை கொடுக்கிறார்கள். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சப்பையை நீட்டினால் அதற்குள்ளும் ஒரு நெகிழிப்பையில் கட்டித்தான் போடுகிறார்கள், கீரையின் ஈரம் துணியில் படக் கூடாதாம்.

செயலிகளோடு ஒப்பிட்டால், அரை மணி நேரத்தில் வீட்டு வாசலுக்கு வரும் வசதியைச் சந்தை தர முடியாது. காய்ச்சலில் படுத்திருக்கும் நாளிலும் பெருமழையிலும் நானும் செயலியில்தான் வாங்குகிறேன். விலையில் பெரிய வேறுபாடு இல்லை, சலுகை நாள்களில் செயலியில் மலிவாகவே கிடைக்கும். ஆனால் கீரை மூடிய உறையில் வருகிறது, தண்டைக் கிள்ளிப் பார்க்க முடியாது. சாம்பல் பூசணி அவர்கள் அறுத்த அளவில் வருகிறது. இன்று எதை வாங்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் அக்கா தம் கடைச் சரக்கையே சுட்டிக்காட்டி, இது நேற்றையது, நாளைக்கு வா என்று சொல்லியிருக்கிறார். மொழி அறவே தெரியாதவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. எண்ணைக் கைபேசியில் தட்டிக் காட்டுவார்கள், வாங்கும் அளவைக் கையால் காட்டலாம், ஒரே கடைக்கு ஒரு மாதம் தொடர்ந்து போனால் மீதி தானே வந்துவிடும்.

சந்தை காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஏழரைக்கு மூடும். கீரைக்கு எட்டு மணிக்குள் போக வேண்டும். மாலை ஆறரைக்கு மேல் மீதக் கீரையைக் குவியல் கணக்கில் மலிவாகக் கொடுப்பார்கள், மறுநாளைக்குத் தாங்காது, அன்றிரவே சமைப்பதானால் வாங்கலாம். சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்குக் கடைக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவதால் ஒரு வாரம், பத்து நாள் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அதற்கு முந்தைய நாள்களில் இலைக்கோசு வாங்கப் பெருங்கூட்டம் கூடும். அதன் பெயர் செல்வம் பெருகுவதைக் குறிக்கும் சொல்லைப்போல ஒலிப்பதால் வேரோடு வாங்கிப் போகிறார்கள். வேரில் ஒட்டிய மண் உதிராமல் செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள், அதை உதறாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.